பக்கத்தில் இருந்தவள்

வில்லியனூர்
1931 ஆகஸ்டு 12

அருமைத் தம்பி இஞ்ஞாசிக்கு, அக்காள் அந்தோணி மேரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். நீ லா பாஸ் செய்து கறுப்பு அங்கியோடு கோர்ட்டில் நிற்பதைக் கோயிலில் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கடுதாசி போடத்தான் உனக்கு நேரமில்லை. போகட்டும்.

நம் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்யும் தையலம்மாளைப் புதுச்சேரி ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். புருஷன் இல்லாதவள். பெற்ற பிள்ளையைக் கொன்று புதைத்துவிட்டாளாம். பொய், தம்பி. அவள் வலியெடுத்துக் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. பிள்ளை அழவேயில்லை.

அவள் வழக்கை நீ எடுத்துக்கொள். நான் அங்கே இருந்தது மட்டும் நம்மோடு இருக்கட்டும்.

உன் அக்காள்
அந்தோணி மேரி

புதுச்சேரி
ஆகஸ்டு 20

அன்புள்ள அக்காளுக்கு,

நான் தொழில் பழகும் பெரிய வக்கீலிடம் கேட்டேன். "காசு வராத கேசு, நீயே நடத்திப் பாருடா" என்றார். என் முதல் வழக்கு இதுதான்.

ஜெயிலில் தையலம்மாளைப் பார்த்தேன். கூட யார் இருந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "யாரும் இல்லீங்க. நான் மட்டுந்தான்" என்கிறாள். உன்னைக் காப்பாற்றுகிறாள்.

பிள்ளை உயிரோடு பிறந்ததா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒளித்துப் புதைத்தாளே, அதைப் பிடித்துக்கொள்வார் அரசு வக்கீல். கண்ணால் கண்டவள் நீ ஒருத்திதான். செப்டம்பர் ஏழாந் தேதி விசாரணை. நீ வந்து பார்த்ததைச் சொன்னால் அவள் வீடு திரும்பலாம். ரயில் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். பயப்படாதே.

உன் தம்பி
இஞ்ஞாசி

வில்லியனூர்
செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் உன் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கோர்ட்டுக்குப் போனியானா அப்படியே போயிடு. இந்த வூட்டுக்கு வராதே" என்றார்.

பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று நீதிபதி கேட்பாரே. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வேனா? உன் மாமாதான், தம்பி. பிள்ளையின் முகத்தைத் துடைத்தபோது அவர் ஜாடையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பெரியவளுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிறோம். சின்னவள் வேறு இருக்கிறாள். இந்த வீட்டை விட்டால் எங்கே போவேன்?

நீ படித்தவன். நான் இல்லாமலே அவளை மீட்க ஒரு வழி பார். மாதா உனக்குத் துணை நிற்பாள்.

அக்காள்

புதுச்சேரி
செப்டம்பர் 8

அக்காளுக்கு,

தையலம்மாளுக்கு ஐந்து வருஷம் தண்டனை.

நான் பேசிக்கொண்டிருந்தபோதே நீதிபதி நிறுத்தி, "பார்த்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். உன் பெயர் வாய் வரைக்கும் வந்தது. கூண்டிலிருந்து அவள் என்னையே பார்த்தாள். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

வெளியே பெரிய வக்கீல் என் தோளைத் தட்டி, "முதல் கேசு தோத்தா நல்லதுடா" என்றார்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கொஞ்ச காலம் எனக்குக் கடிதம் போடாதே.

இஞ்ஞாசி

வில்லியனூர்
டிசம்பர் 28

என் தம்பி இஞ்ஞாசிக்கு,

எழுதாதே என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. கிறிஸ்மஸுக்கு வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உன் மாமாவுக்குத் தெரியாமல் ரயிலேறி ஜெயிலுக்குப் போனேன். தையலம்மாள் பாதியாய் இளைத்துவிட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்பாள், என்ன சொல்வது என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன். அவள் அதைக் கேட்கவேயில்லை.

"செவலப் பசு கன்னு போட்டுச்சாம்மா?" என்றாள்.

போட்டது என்றேன்.

"கன்னு நல்லா கீதா?"

நன்றாக இருக்கிறது என்றேன். "பாலு மொத்தத்தையும் கறந்துடாதீங்கம்மா. கன்னுக்கு வுடுங்க" என்றாள்.

தம்பி, இப்போது வந்து சொன்னால் கேட்பார்களா? அதை மட்டுமாவது எழுது.

அந்தோணி மேரி