கோதுமைக் கஞ்சி

12-8-1975, செவ்வாய்

என் சாளைக்குஞ்சே, உன்னைக் கல்லறையில் வைத்து வருசம் திரும்பவில்லை, உன் தங்கச்சிக்கும் அதே போல வயிறு ஊதி, கைகால் குச்சியாகிவிட்டது. இன்று பெரிய டாக்டரிடம் தூக்கிப் போனேன்.

"என்னம்மா குடுக்கே?"

"கோயில்ல குடுத்த கோதுமைக் கஞ்சிதான் ஐயா. தேறட்டும்னு மூணு நேரமும் ஊத்துதேன்."

"நிப்பாட்டு. இவ உடம்பு கோதுமையைப் பகையாளின்னு நெனைச்சுச் சண்டை போடுது. அதுல குடல்தான் வீங்கிப் புண்ணாகுது. அரிசிக் கஞ்சி குடு, பொழச்சுக்கிடுவா."

நாங்களெல்லாம் அரிசிச் சோறுதான் தின்றோம். சத்து என்று கோதுமையை உனக்கு மட்டும் எடுத்து வைத்தேன். நீ மெலிய மெலியக் கூட ஒரு கரண்டி ஊற்றினேன். கடைசி வாரம் நீ பல்லைக் கடித்துக்கொண்டாய். "ஏலே, பிடிவாதமா?" என்று மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அப்போது என்னை என்னவென்று நினைத்தாய், மக்கா?