நூலகத்துக்குள் வராத மாணவன்

பலாஸு, லோஃபா மாவட்டம், லைபீரியா
9 ஜனவரி 2011

என் ஃபிண்டாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகன் தம்பா இப்போதாவது உன்னிடம் நம் பாஷையில் பேசுகிறானா?

நீ திரட்டி அனுப்பிய புத்தகப் பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. மன்ரோவியாவிலிருந்து லாரி வர ஐந்து நாள். இரண்டு இடத்தில் சேற்றில் புதைந்து, ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பெட்டிதான் நனைந்தது. அதில் சமையல் புத்தகங்கள். பனியில் கேக் செய்வது எப்படி என்று என் மாணவர்கள் தெரிந்துகொள்ளாவிட்டால் குடி முழுகிவிடாது.

கல்லூரித் தலைவர் என்றால் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் என்று அங்கே பார்த்திருப்பாய். இன்று காலை இந்தத் தலைவர் வேதியியல் வகுப்பிலிருந்து மூன்று ஆடுகளை விரட்டினாள். பிறகு பிஷப் வந்து, "லோர்ப்பு, நூறு கிராமத்துக்கு வாத்தியார் தர்றேன்னு கிளம்பினே. முதல்ல உன் காலேஜுக்கு வாத்தியார் இருக்காங்களா?" என்று கேட்டார். "பாதிப் பேர் இருக்காங்க பிஷப், மீதிப் பேரை நாங்களே பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றேன். சிரித்துவிட்டார். ஆட்சிக்குழுத் தலைவர் அவர்தானே, அவர் சிரித்தால் அடுத்த மாதம் வரை எனக்கு நிம்மதி.

கினி அகதி முகாமில் மாமரத்தடியில் நீயும் நானும் தொண்ணூறு பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, "இது ஒருநாள் காலேஜ் ஆகும் பாரு" என்றேன். "முதல்ல மழை நிக்கட்டும்டி" என்றாய்.

மழை நின்றது, ஃபிண்டா. நூலகத்துக்குக் கூரை போட்டாகிவிட்டது. வாசலுக்கு மேல் நீல எழுத்தில் உன் கணவர் பெயரை எழுதிவிட்டோம்: ஃபாயா கெந்தேமா நூலகம். போரில் எரிந்துபோன பழைய கல்லூரியில் அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே இடம்.

உன்
லோர்ப்பு


மினியாபொலிஸ்
27 பிப்ரவரி 2011

அன்பு லோர்ப்பு,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டை கொடுத்தாள். நான் அழுததை நானே கவனிக்கவில்லை.

இங்கே பனி இடுப்புயரம். முதியோர் இல்லத்தில் இந்த மாதம் எனக்கு இரண்டு பேர் வேலை. தம்பா என்னைவிட ஒரு தலை உயரம். எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குகிறான். அவன் அப்பா போனபோது அவனுக்கு நான்கு வயது. அப்பா குரல் நினைவில்லை என்கிறான். நூலகத்தின் படம் ஒன்று அனுப்பு. அவனிடம் காட்டவேண்டும்.

உன்மேல் ஒரு குறை. நான்கு பக்கம் எழுதுகிறாய், நீ சாப்பிடுகிறாயா என்பதற்கு ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் பிஎச்.டி. முடித்துவிட்டு, நல்ல வேலையை உதறி, அந்தக் காட்டுக்குப் போனவள் நீ. மெலிந்து சாகத்தான் போனாயா? டோபோகிக் குழம்பு செய்யத் தெரிந்தவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்.

முதல் பட்டமளிப்புக்கு நான் வருவேன். அவர் பெயரின் கீழ் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் கல்லறை இல்லை. எனக்கு அந்தச் சுவர்தான்.

உன்
ஃபிண்டா


பலாஸு
18 ஏப்ரல் 2011

ஃபிண்டா,

இதை நீ உட்கார்ந்துகொண்டு படி. தம்பா வீட்டில் இருக்கும்போது படி.

இரண்டாம் ஆண்டில் அக்கோய் என்று ஒரு மாணவன். இருபத்தாறு வயது. ஆசிரியர் பயிற்சி. நன்றாகப் படிப்பவன். நூலகர் என்னிடம் வந்து, "அம்மா, அந்தப் பையன் நூலகத்துக்குள்ள காலே வைக்கிறதில்ல. மத்தவங்களை விட்டுப் புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்றான். திமிரு" என்றார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்ப்பா, கூரை இடிஞ்சு விழும்னு பயமா?"

"வாசல்ல ஒரு பேர் எழுதியிருக்கீங்கம்மா" என்றான்.

"அதுக்கென்ன?"

"அந்த ஆளை எனக்குத் தெரியும், அவரோட அட்டையில பேரைப் படிச்சேன். ஸோகா பாலத்துச் சாவடில நான்தான் நின்னேன். சுட்டது நான்தாம்மா."

அப்போது அவனுக்குப் பதினாறு. ஊர் எரிந்து, பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். தளபதி சொன்னான், செய்தேன் என்றான். தளபதி மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுத்தவில்லை. "கை என்னோடதுதான்" என்றான். "என்னை அனுப்பிடுங்க. அதை எதிர்பார்த்துத்தான் சொன்னேன்."

நான் அனுப்பவில்லை, ஃபிண்டா. வகுப்புக்குப் போ என்றேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மேஜைமேல் தலையை வைத்துக் கிடந்தேன்.

வேறு யார் வாயிலிருந்தும் இது உனக்கு வரக்கூடாது. அதனால் எழுதுகிறேன்.

லோர்ப்பு


மினியாபொலிஸ்
5 ஜூன் 2011

முனைவர் லோர்ப்பு கொலுபா அவர்களுக்கு,

பத்து வருஷமாக, சுட்ட அந்த விரலுக்கு முகம் கிடையாது. இப்போது பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, நன்றாகப் படிக்கிறது. நான் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்த புத்தகத்தை அவன் வேறு கை வழியாக வாங்கிப் படித்திருக்கிறான்.

"வகுப்புக்குப் போ" என்றாயாம். என் தம்பாவுக்கு அப்பா இல்லை. சுட்டவனுக்கு நீ அம்மா.

அவனை வெளியே அனுப்பு. முடியாதென்றால் என் கணவர் பெயரைச் சுவரிலிருந்து அழி. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது.

ஃபிண்டா கெந்தேமா


பலாஸு
20 ஜூலை 2011

ஃபிண்டா,

பெயரை அழித்துவிட்டேன். ஆள் வைக்கவில்லை. நானே ஏணி போட்டு ஏறி, சுண்ணாம்பு பூசினேன். இப்போது வாசலில் 'நூலகம்' என்று மட்டும் இருக்கிறது. மாணவர்கள் காரணம் கேட்டார்கள். உரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்றேன்.

அவனை அனுப்பவில்லை. பிஷப்பும் அனுப்பத்தான் சொன்னார். ஆட்சிக்குழுவில் நான்கு பேர் அனுப்பச் சொன்னார்கள், மூன்று பேர் பேசாமல் இருந்தார்கள். அவன் போனால் நானும் போகிறேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சு நின்றது. அது வீரம் என்று நினைக்காதே. போ என்றிருந்தால் போக எனக்கு இடம் கிடையாது.

கல்லூரியைத் திறந்த அன்று நான் பேசியதை நீ தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாய். "இந்த வாசலில் யாரிடமும், போரில் நீ எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டோம்" என்றேன். நீ அங்கிருந்து கைதட்டியது எனக்குக் கேட்டது. அன்று அந்த வார்த்தை சுலபமாக வந்தது, ஃபிண்டா. அதற்கு நான் எதையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்று கொடுப்பது நீ. நான் உன்னைக் கேட்காமல் உன்னிடமிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முடிவுக்கு அல்ல.

இங்கே இருநூற்றுச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். துப்பாக்கி தொட்டவர்கள், துப்பாக்கிக்குப் பயந்து புதரில் கிடந்தவர்கள், எல்லாரும் ஒரே பெஞ்சில். அவன் ஒருவன் வாய் திறந்தான். வாய் திறந்தவனை வெளியே தள்ளினால் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? வாயை மூடத்தான். இந்தப் பிள்ளைகள்தான் நாளைக்குக் கிராமத்தில் கரும்பலகை முன்னால் நிற்கப்போகிறார்கள்.

நீ கேட்ட இரண்டில் ஒன்றுதான் என்னால் முடிந்தது.

லோர்ப்பு


பலாஸு
25 செப்டம்பர் 2011

ஃபிண்டா,

இரண்டு மாதமாக மன்ரோவியாவிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியிலும் கேட்கிறேன். உன் கடிதம் இல்லை. ஓட்டுநர்கள் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

திட்டியாவது எழுது. இப்போதெல்லாம் சாப்பிடுகிறேன் என்று எழுத நினைத்தேன். பொய்.

லோர்ப்பு


மினியாபொலிஸ்
2 நவம்பர் 2011

லோர்ப்பு,

ஒரே ஒரு விஷயம் அவனிடம் கேள்.

அவரை எங்கே போட்டார்கள்?

ஃபிண்டா


பலாஸு
10 டிசம்பர் 2011

ஃபிண்டா,

கேட்டேன். "காட்டுறேம்மா" என்றான். மறுநாளே நான், அவன், பிஷப், ஸோகா ஊர்ப்பெரியவர் இருவர், ஐந்து பேரும் போனோம். பாலம் வரைக்கும் ஜீப், பிறகு ஓடையோரம் நடை. எல்லாருக்கும் முன்னால் அவன் நடந்தான். ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அடிக்கடி வந்து போகும் வழிபோல இருந்தது. அப்படித்தான் என்று பிறகு ஒத்துக்கொண்டான்.

சுட்டவர்களை ஓடையில் தள்ளிவிடச் சொல்லி உத்தரவாம். மறுநாள் விடியலில் இவன் மட்டும் திரும்பி வந்து, அவரை மேட்டுக்கு இழுத்துப்போய், பாத்திரத்தாலும் கையாலும் தோண்டி மூடியிருக்கிறான். மேலே ஒரு கல். நாங்கள் தோண்டியபோது அவர் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒரு பக்கக் காதுக்கம்பியில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. அதைச் சுற்றியது யார் என்று உனக்குத் தெரியும். என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

"எல்லாரையும் விட்டுட்டு இவரை மட்டும் ஏன் புதைச்சே?" என்று பெரியவர் கேட்டார்.

அக்கோய் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மத்தவங்க கெஞ்சுவாங்க. இவரு என்னைப் பாத்து, 'தம்பி, நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?'ன்னு கேட்டாரு. நாலாவதுன்னேன். 'நல்ல வயசுல நிறுத்திட்டாங்களே'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் சுட்டேன்."

பிஷப் முழங்காலிட்டு ஜெபம் சொன்னார்.

இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது அவர் கடைசியாகப் பேசியது. உனக்குச் சேரவேண்டியது. நான் வைத்துக்கொள்ளக்கூடாது.

அவரை அங்கேயே மூடி வைத்திருக்கிறோம். எங்கே கொண்டுவருவது, எப்போது என்பதை நீதான் சொல்லவேண்டும்.

உன்
லோர்ப்பு


மினியாபொலிஸ்
8 ஜனவரி 2012

லோர்ப்பு,

உன் கடிதத்தைத் தம்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நம் பாஷையில்தான். அவன் தோளைக் குலுக்கவில்லை. "அப்பா அப்படித்தான் பேசுவாராம்மா?" என்று கேட்டான். ஆமாம், அப்படித்தான், யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான், என் அப்பாவிடம் பெண் கேட்க வந்த அன்றுகூட என் தங்கையிடம் அதைத்தான் கேட்டார் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி நானும் அவனும் விமானம் ஏறுகிறோம். அவர் ஊரான ஃபோயாவில், அம்மா கல்லறையின் பக்கத்தில் அவரை வைக்கவேண்டும். அங்கே குழியை அந்த ஆள் தோண்டட்டும். வேறு யாரும் தோண்டவேண்டாம். தோண்டி முடித்துவிட்டு நாங்கள் வருவதற்குள் போய்விடட்டும். அவன் முகத்தை நான் பார்க்கமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே. உன் பிஷப்பிடமும் சொல்லாதே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சுவரில் இப்போது எதையும் எழுதாதே. அந்த வாசலில் நின்று பார்த்த பிறகு சொல்கிறேன்.

விமான நிலையத்துக்கு நீயே வா. டிரைவரை அனுப்பினால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவேன். பலாஸுவுக்கு இரண்டு நாள் வழி என்கிறாய். வழியில் உன் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. வேறு எதையாவது பேசு. நீ பேசாமல் வந்தால் எனக்குத் தாங்காது.

அந்த ஆள் பரீட்சையெல்லாம் எழுதட்டும். பாஸானானா என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே.

உன்
ஃபிண்டா