ஆறு வார வகுப்பு

தம்பி,

முந்தாநாள் உங்கள் அறக்கட்டளைக் கூட்டத்தில் நீ குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது.

வெர்டெல் அத்தை இந்தக் கிளீவ்லாந்து தெருவில் இருபத்தேழு வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறார். கடை இருக்கும் கட்டடத்தை வாங்க, கறுப்புத்தோல்காரிக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தானே உங்கள் அறக்கட்டளை? நீ அங்கே அதிகாரி என்று நம்பித்தான் அவரை அழைத்து வந்தேன். உங்கள் தலைவி சிரித்தபடி, "சேமிக்கிறது எப்படின்னு முதல்ல ஆறு வாரம் வகுப்புக்கு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

அத்தை எழுந்துவிட்டார். "இந்தக் கடைய வச்சுத்தாம்மா மூணு பிள்ளைங்கள படிக்க வச்சேன். வகுப்ப நான் எடுக்கட்டுமா?"

நீயோ குனிந்து உன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாய். உன் முதல் வேலைக்கான நேர்காணலுக்குச் சட்டை துவைத்துத் தேய்த்து, காசு வாங்காமல் மாட்டிவிட்டவர் அவர்.

இன்று தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் சபைப் பெண்கள் நாங்கள் கூடினோம். கட்டடத்தை எல்லோருமாகச் சேர்ந்து வாங்கப்போகிறோம். எண்பது வயது இயுலா பாட்டி தன் அடக்கச் செலவுக்கு வைத்திருந்ததையே எடுத்துத் தந்தாள். "நான் இப்போதைக்குச் சாகறதா இல்லடி" என்றாள்.

பணம் போடுகிறவர்கள் பட்டியலில் உன் பெயரையும் எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. நீயே வந்து, அத்தை முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொள்.

உன் அக்கா