உனக்கு வரும் அழைப்பு

என் தங்கத் தம்பி சாமுவேலுக்கு,

உன் நாவலூர் ஆபீஸ் பிள்ளைகள் உன் நினைவாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். "நீங்களும் எழுதுங்கக்கா" என்றார்கள். எட்டாவதோடு நின்றவள், என்ன எழுதுவேன்? உன்னிடமே பேசிவிடுகிறேன்.

அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று சொன்னால் அழுகிறாள், மறுநாள் மறந்துவிடுகிறாள். திரும்பச் சொன்னால் புதிதாகக் கேட்பவள்போல மறுபடி அழுகிறாள். இப்போது நான் சொல்வதே இல்லை.

வேலை நேரத்தில் அம்மா விடாமல் கூப்பிடுகிறாள் என்று, உன் போனுக்கு வரும் அழைப்பெல்லாம் என் போனுக்கு வருகிற மாதிரி செய்து வைத்தாயே, அது அப்படியேதான் இருக்கிறது. பொழிச்சலூர் வீட்டில் நான் மாவு அரைத்துக்கொண்டிருப்பேன். உள் அறையிலிருந்து அம்மா உனக்குப் போன் போட்டால், என் மடியில் மணி அடிக்கிறது.

அதை வைத்துத்தானே உன் வேலையை எனக்குப் புரிய வைத்தாய்?

"நான் எழுதற கம்ப்யூட்டர் ப்ரோக்ராமுக்குள்ள ஒவ்வொண்ணும் ஒரு ஆள் மாதிரிக்கா. ஒரு வேலை சொன்னா, செய்யத் தெரியுமான்னு முதல்ல தன்கிட்ட தேடும். இல்லன்னா அப்பன்கிட்ட, அங்கயும் இல்லன்னா தாத்தாகிட்ட. அப்படியே மேல போகும்."

"மேல யாரு, கர்த்தரா?"

"அவருக்கு அங்க வேலை இல்ல. எல்லாத்துக்கும் மூத்தது ஒண்ணு இருக்கு. அதுக்கும் தெரியாததுதான் நிறைய. யாருக்குமே தெரியலன்னா, புரியலன்னு நின்னு போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வழி உண்டு. தெரிஞ்ச வேற ஆள்கிட்ட அனுப்பிவிடலாம். அவன் செஞ்சு குடுத்தா, கேட்டவனுக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கு நீ மாதிரி."

"எனக்கும் தெரியலன்னா?"

"எனக்கே திருப்பி அனுப்பிடாத தாயே. ரெண்டு பேரும் சுத்திக்கினே இருப்போம்."

ஆனால் அம்மாவுக்கு வித்தியாசம் தெரிகிறதடா.

"நீ எதுக்குடி எடுக்கற? தம்பி எங்க?"

"மீட்டிங்ல இருக்கான்மா."

"எப்ப வருவான்?"

முதலில் என்னிடமே தேடிப் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். மேலே இருக்கிறவரிடம் முழங்கால் போட்டுக் கேட்டேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வீட்டுக்கு மேலே விமானம் போன சத்தம்தான் கேட்டது.

நேற்று அம்மா பொறுமை இழந்துவிட்டாள். "உனக்குத் தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடேன்டி."

யாரிடம் கொடுப்பேன்? போனைப் பிடித்தபடி நின்றேன். அவளும் வைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் மூச்சு விடுவது என் காதுக்குள் கேட்டது.

அதனால்தான் நீ வேண்டாம் என்றதையே செய்கிறேன். அவள் கேட்டதை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நீ எப்போது வருவாய் என்று அவளிடம் நான் என்ன சொல்ல?

உன் நம்பரை நிறுத்த விடமாட்டேன், தம்பி. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், அம்மா உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் நான் எடுப்பேன்.

உன் இடத்தில் நிற்கத் தெரியாமல் நிற்கிற,
உன் அக்கா ரூத்