சுவரிடம் சொன்னது

மார்ச் 4
அவர் போய் மூன்று வாரம். இன்றுதான் மருந்துக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போனேன். வருகிறவர்களெல்லாம் "தங்கமான மனுஷன்" என்கிறார்கள். கூட இருந்து குடித்தனம் செய்தவளைக் கேட்கட்டும்.

மார்ச் 5
அண்ணி, அதாவது அவருடைய அக்கா, இன்னும் ஊருக்குப் போகவில்லை. யார் வந்தாலும் அழுகை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஓடி வந்திருப்பேனே." என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

மார்ச் 8
ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து காஸ் மாத்திரை கேட்டார். தர முடியாது என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முதலாளி பாராட்டினார். காதில் விழாதவள் போல மருந்து அடுக்கப் போய்விட்டேன்.

மார்ச் 9
எழுதிவிடுகிறேன். சண்டை என்றால் நாங்கள் சுவரைப் பார்த்துத்தான் பேசுவோம். "பால் தீர்ந்துபோச்சு" என்பார் சுவரிடம். நான் வாங்கி வருவேன், வாய் திறக்க மாட்டேன். பதில் சொன்னால் தோற்றுப்போனதாக அர்த்தம். அன்று சண்டையின் ஆறாம் நாள். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்றார், சுவரிடம். காதில் நன்றாக விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.
யாரிடம் போய்ச் சொல்வேன் இதை?

மார்ச் 10
முடியல.

மார்ச் 13
மறுபடி "ஒரு வார்த்தை" என்று ஆரம்பித்தார் அண்ணி. "போதும் அண்ணி, யாருக்காக இந்த அழுகை?" என்று கத்திவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
"சொன்னாம்மா. அன்னைக்குக் காலைல போன் பண்ணான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு அக்கான்னான். கண்டதைத் தின்னிருப்ப, சுடுதண்ணி குடின்னுட்டேன்."
எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பழி போட ஆள் கிடைத்துவிட்டதே என்ற கேவலமான சந்தோஷம். 'நீங்கதான் கொன்னீங்க' என்று நாக்கு நுனி வரை வந்தது. எந்த வாயால் சொல்வது?

மார்ச் 14
துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 'உன் மேல தப்பில்ல' என்பார், எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்லவில்லை.
"அப்ப ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிருக்கான்."
"ஆமா அண்ணி."
"ரெண்டு பேரும் காதுல வாங்கல."
"வாங்கல."
மீதித் துணியைச் சேர்ந்து மடித்தோம்.

மார்ச் 16
அண்ணி பையைக் கட்டிவிட்டார். டிக்கெட் எடுக்கப் போனேன். பஸ்ஸில் பாதி இருக்கை காலி. வெறுங்கையோடு திரும்பினேன்.
"இடமில்லையா?"
"இல்ல அண்ணி. இந்த மாசம் பூரா இல்லையாம்."
என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைப் பிரித்தார். அலமாரியில் தம்பியின் சட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் புடவைகளை அடுக்கினார். நான் தடுக்கவில்லை.