நோன்பு மயக்கம் என்று சொன்னார்கள்

மயிலாப்பூர்
1938 ஜனவரி 12, புதன்

அன்பு மகன் நூர் முஹம்மதுவுக்கு உன் அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் உன் தங்கை சகினாவும் சுகம். கரீமுல்லாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை, அதனால் உன் தம்பியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நீ சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மழையில் நனைந்துவிட்டு ஈரத் தலையோடு படுக்கிற பழக்கம் விட்டதா, எல்லாம் எழுது. சகினாவுக்கு இது ஏழாம் மாதம், மாம்பழம் கேட்கிறாள், மார்கழியில் மாம்பழத்துக்கு நான் எங்கே போக.

உன் போன கடிதத்தை அத்தா வழக்கம்போலக் கடையில் வைத்துத்தான் படித்தார். கப்பல் கடிதம் வந்தால் பந்து தைக்கிற ஊசியைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர் போனவர் எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படிப்பார் என்பது உனக்குத் தெரியாததா. நீ பாட்டுக்கு, இங்கே ஒரு சீனப் பையன் பாஸ்கெட்பால் ஆடுகிறான், அவனைப்போல ஒருத்தன் வேறு எந்த ஊரிலும் பிறந்திருக்க மாட்டான் என்று எழுதிவிட்டாய். நீ விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய், ஆனால் வினை அங்கேதான் பிடித்தது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைதானே, அன்று முதல் சாயங்காலமானால் எனக்கு வேறு பேச்சே காதில் விழவில்லை. டிராம் கண்டக்டர் நாகராஜ், கரீமுல்லாவோடு ஆடுகிறவர், இன்னா நைனா உன் பெரிய புள்ள இப்படி எழுதிக்கினு கீறான், நம்ம கரீமு எகிறிப் போட்டா சீனாக்காரன் பந்தைத் தேடிக்கினு நிப்பான் என்று சத்தம் போட்டார். பெங்களூரிலிருந்து தோல் கொண்டுவருகிற ஷரஃபுதீன் விடுவாரா. எங்கள் ஊர் தாசப்பா பாதி மைதானத்தில் நின்று ஈ ஓட்டுகிறமாதிரி ஒரு கையால் போடுவான், நேராகக் கூடையில் விழும், மதராஸில் அப்படி யார் இருக்கிறார்கள் என்றார். அச்சாபீஸ் பஞ்சாட்சரம் கல்கத்தாவை மறந்துவிட்டீர்களே என்று நடுவில் புகுந்தார், அவர் கல்கத்தாவையும் பார்த்ததில்லை, அங்கே ஆடுகிறவரையும் பார்த்ததில்லை. எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தேநீர் போட்டுப் போட்டு அனுப்பினேன்.

ஒருநாள் அத்தாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உங்கள் ஊர்களில் எவனாவது வெறும் வயிற்றோடு ஆடியிருக்கிறானா, என் மகன் ரமலானில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடினான், மயங்கி விழுகிறவரைக்கும் ஆடினான், அவனைவிடப் பெரிய ஆட்டக்காரன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டார். ஷரஃபுதீன், அப்படியானால் தாசப்பாவைக் கொண்டுவருகிறேன், நேருக்கு நேர் பார்த்துவிடுவோம் என்றார், அத்தா சரி என்று எல்லார் முன்னாலும் கையடித்துக் கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர்கள் வருகிறார்கள்.

அந்த மயக்கத்தைப் பற்றித்தான் நான் உனக்கு எழுத வேண்டும். ரமலானில் அவன் மைதானத்தில் விழுந்தபோது நோன்பு மயக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்தேன், சரியாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். பள்ளிவாசலில்கூட அவனைப் பெருமையாகப் பேசினார்கள். பெருநாள் கழிந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட மறுநாள், கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீர் இழுத்தவன் அப்படியே சரிந்தான். உதடு நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்தது நூரு. அப்போது ஏது நோன்பு. நானும் சகினாவும் ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், சிறுவயதில் மூட்டு வீங்கி ஜுரம் வந்ததா என்றார். அவன் முழங்கால் வீங்கிக் கிடந்தபோது நீதானே முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்தாய். அந்த ஜுரம் இருதயத்தைக் கெடுத்துவிட்டதாம், உள்ளே ஒரு கதவு சரியாக மூடவில்லையாம். நடக்கலாம், உட்கார்ந்து வேலை பார்க்கலாம், ஓடவும் குதிக்கவும் கூடாது, ஓடினால் ஓடுகிறபோதே நின்றுவிடும் என்றார்.

அத்தாவிடம் சொன்னேன். டாக்டர்களுக்கு வேறு வேலை இல்லை, ஊரே பார்த்தது, அது நோன்பு மயக்கம் என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும், பயத்தில்தான் நம்பமாட்டேன் என்கிறார். அவனோ அதற்குமேல். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறான், கேட்டால் சளி என்கிறான். காலில் போட்டுக்கொண்டு ஆடுகிற சப்பாத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு சிரித்தான். இந்த ஒரு ஆட்டம் மட்டும் அம்மா, அத்தா கையடித்துக் கொடுத்துவிட்டார் என்கிறான். அடையாற்றிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்து அவனை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கிறமாதிரி. ஞாயிற்றுக்கிழமைப் பந்தை அத்தாவே தன் கையால் தைத்து நடுவீட்டில் தொங்கவிட்டிருக்கிறார். புதுத் தோல் வாடை வீடு முழுக்க இருக்கிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கு ஒருத்தன் பெரிய ஆட்டக்காரனாக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு என் பிள்ளை வேண்டும்.

அவன் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். பீப்பாய் வளையத்தைக் கொல்லைச் சுவரில் அடித்து அவனுக்கு ஆட்டம் காட்டியவன் நீ. நீ வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் நிறுத்துவான். தந்தி அடிக்கலாம் என்று சகினா புருஷனிடம் சொல்லிப் பார்த்தேன், மாமாவைக் கேட்காமல் எப்படி என்று நழுவிவிட்டார். இந்தக் கடிதம் கப்பல் ஏறி உன் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. இதற்கு முன்னால் நம் வீட்டிலிருந்து உனக்குத் தந்தி எதுவும் வரவில்லை என்றால், அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று எடுத்துக்கொள், அன்றைக்கே உட்கார்ந்து தம்பிக்கு எழுது. சீனப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

உனக்கு நீண்ட ஆயுளையும் வயிறு வாடாத, குறைவில்லாத ரிஸ்கையும் அல்லாஹ் தருவானாக, ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், நீயும் தம்பிக்காகக் கேள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கடை விலாசத்துக்கு எழுதாதே, அத்தா பெயரும் போடாதே. கவரின் மேல் கரீமுல்லா என்று அவன் பெயரை எழுது. தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவன் எழுந்துபோய் வாங்க வேண்டும்.

உன் அம்மா
ஜமீலுன்னிசா