வலிக்காத புண்

மார்ச் 4
குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அந்தரங்க இடத்தின் ஓரத்தில் ஒரு புண், சட்டைப் பொத்தான் போல விளிம்பு தடித்து. வலியே இல்லை. பிளேடு கீறியிருக்கும்.

மார்ச் 29
தானாகவே ஆறிவிட்டது. வீணாகப் பயந்தேன். மழையில் குடை கொடுத்துப் பழகி, காதலனாகிவிட்ட என் குடைக்காரனிடம் சொல்லாமல் இருந்ததே நல்லது.

மே 6
காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையில் பாடம் நடத்துகிறேன். என் கைகளை அவர்கள் அளவுக்கு யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இன்று வகுப்பிலேயே வாலுத்தனம் அதிகமான பெண் என் உள்ளங்கையைத் தொட்டுச் சைகையில் கேட்டாள்: "சாயம் ஒட்டிக்கிச்சா?" செம்பு நிறப் புள்ளிகள். அரிப்பு இல்லை. வீட்டுக்கு வந்து பாதத்தைப் பார்த்தேன். அங்கேயும்.

மே 7
கையுறை போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மே 8
தேடிப் படித்தேன். வலிக்காத புண். தானாக ஆறும். சில வாரம் கழித்து உள்ளங்கையில், உள்ளங்காலில் புள்ளிகள். சிபிலிஸ். பழைய நாவல்களில் மேகநோய் என்று வருமே, கெட்டுப்போனவர்களுக்கு ஆசிரியர் கொடுக்கிற தண்டனையாக — அது. நோய் போகவில்லை, உள்ளே போயிருக்கிறது.
அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அவள் பாப்பா என் விரலைச் சப்பிக்கொண்டுதான் தூங்கும். காலையில்கூட முத்தம் கொடுத்தேன். ஐயோ, பச்சப் புள்ளைக்கு என்ன செஞ்சு வெச்சேன்?

மே 10
என் தம்ளர், தட்டு, துண்டு எல்லாம் தனி. அக்கா கவனித்துவிட்டாள். "என்னடி, வாடகைக்கு வந்தவ மாதிரி இருக்க? அத்தான் ஏதாச்சும் சொன்னாரா?"
"இல்லக்கா."
"அப்ப அவளைத் தூக்கு. கத்துறா பாரு."
தூக்கவில்லை. அக்காவின் முகம் —

மே 11
டாக்டரிடம் போகப் பயம். போகாமல் இருக்க அதைவிடப் பயம்.

மே 12
டாக்டரம்மா, இருமல் இருக்கிறதா என்று கேட்கிற குரலில் எல்லாவற்றையும் கேட்டார். டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். பாப்பாவைப் பற்றிக் கேட்கும்போது உடைந்துவிட்டேன்.
"தம்ளர், துண்டு, கழிப்பறை, எதுலயும் பரவாதும்மா. புண்ணோட நேரா பட்டாதான். பெரும்பாலும் உடலுறவுல. கர்ப்பத்துல தாய்கிட்டருந்து பிள்ளைக்கு. வாயில புண் இருந்தா முத்தத்துலயும் வரலாம், உங்க வாயில புண் இல்லை."
"அப்ப அந்தத் தம்ளர்?"
"காப்பி குடிங்க."

மே 15
சிபிலிஸ்தான். இடுப்பில் பென்சிலின் ஊசி. குணமாகிவிடுமாம், ஆனால் மறுபடி மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். குடைக்காரனும் வந்து ரத்தம் பார்த்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை நெருக்கம் கூடாது.
அவனுக்குப் போன் செய்தேன்.
"எனக்கு ஒண்ணுமே இல்லையே!"
"கண்ணுக்குத் தெரியாத இடத்துலயும் புண் வருமாம். ரத்தம் பாத்தாதான் தெரியும்."
வைத்துவிட்டான். மாலையில் ஒரு வரி வந்தது: எந்த ஆஸ்பத்திரி?

மே 19
அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாங்களா?" சொன்னார் என்றேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். எழுந்து போய்விட்டாள்.

மே 20
அக்கா என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குள்ளேயே இருந்துகொண்டாள்.

மே 23
என் தம்ளரைக் காணோம். கேட்டேன்.
"எல்லாத்தோடயும் சேத்துக் கழுவிட்டேன். எது உன்னோடதுன்னு யாருக்குத் தெரியும்? இந்தா, இவளைப் பிடி. கை வலிக்குது."
பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. விரலைக் கடித்தாள். நன்றாக வலித்தது.